மூன்று பேருக்கு ஒரு சங்கமா

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செய்தி சேகரிக்கும் பெண்கள் நாங்கள் மூன்று பேர். நான் ஒரு தமிழ் நாளிதழின் ஓசூர் நிருபர். இன்னொருவர் பாகலூர்க்காரர், பெங்களூரில் அச்சாகும் ஒரு கன்னடப் பத்திரிகைக்கு எல்லைக்கு இந்தப் பக்கத்துச் செய்திகளை அனுப்புகிறவர். மூன்றாமவள் சூளகிரிப் பெண். உள்ளூர் கேபிள் சேனலில் அவளே கேமராவைப் பிடித்து, அவளே மைக்கைப் பிடித்து, அவளே பேசி அனுப்ப வேண்டும். கேமராமேன் வைக்க முதலாளிக்குக் கட்டுப்படியாகாதாம். ஆண் நிருபர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அமைச்சர் வருகிற நாளில் ஒரு வேன் போதாது.

பெண் பத்திரிகையாளர்களுக்குத் தனிச் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் மாவட்டத்தில் எப்போது வந்தாலும், மாவட்ட நிருபர்கள் சங்கத் தலைவர் ஒரே ஜோக்கைத்தான் எடுத்துவிடுவார்.

"மூணு பேருக்கு ஒரு சங்கமா? ஒருத்தர் தலைவர், ஒருத்தர் செயலாளர், ஒருத்தர் பொருளாளர். அப்போ உறுப்பினர் யாருங்க மேடம்?"

முதல் தடவை நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான். ஆனால் அவர் அதை விடவே இல்லை. புதிதாக வருகிற சப்-இன்ஸ்பெக்டரிடம் எங்களை அறிமுகப்படுத்தும்போதுகூட அதைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார். பக்கத்தில் நிற்கிறவர்கள் எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்து சிரிப்பார்கள். எனக்குக் காதுமடல் சுடும்.

தனிச் சங்கம் வேண்டும் என்று முதலில் சொன்னவர் பாகலூர்க்காரர்தான். பெரிய ஊர்களில் பெண் நிருபர்கள் தனியாகக் கூடுகிறார்கள், ஒருத்திக்கு ஒன்று என்றால் மற்றவர்கள் வந்து நிற்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். நான் எதிர்த்தேன். நிருபரில் என்ன ஆண், பெண்? யானை மிதித்துச் செத்தவரைப் பற்றி எழுத எனக்கென்று தனி எழுத்தா இருக்கிறது? தனியாகப் போய் உட்கார்ந்தால் கோலப்போட்டியையும் ரோஜாக் கண்காட்சியையும் நம் பக்கம் தள்ளிவிட்டு, கொலையையும் கலெக்டர் ஆபீசையும் அவர்கள் வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அந்தப் பேச்சை இன்றும் நான் திரும்பப் பெறவில்லை. எனக்கு ஆத்திரம், தலைவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் முகத்துக்கு நேரே நீட்டியதில்தான். "மேடமே சொல்லிட்டாங்க, தனிச் சங்கமெல்லாம் தேவையில்லைன்னு. நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்.

குடும்பம் என்றால் யாராவது ஒருத்தி அடுப்படியில் நிற்க வேண்டுமல்லவா. எங்கள் குடும்பத்தில் அது நான்.

காலையில் காப்பி குடித்துக்கொண்டே மாவட்டப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அது எப்படித் தயாராகிறது என்று தெரியாது. எங்களில் பாதிப் பேருக்கு நிருபர் வேலை இரண்டாவது தொழில். ஒருவர் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஒருவர் பத்திரம் எழுதுகிறார். சம்பவ இடத்துக்கு ஒரே வண்டியில் போவோம். ஒருவர் போட்டோ எடுப்பார், இன்னொருவர் போலீசிடம் பெயர், வயது எல்லாம் கேட்டு வாங்குவார். ஆனால் எழுதுவது ஒரே ஒருவர். எழுதியதை நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் எல்லோரும் எடுத்து, முதல் வரியைக் கொஞ்சம் புரட்டி, தங்கள் ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்கள். கூட்டுக் காப்பி என்பார்கள்; எழுதி அனுப்பும் செய்திக்கு எங்கள் தொழிலில் காப்பி என்று பேர். சிலர் முதல் வரியைக்கூடப் புரட்டுவதில்லை. அந்தக் காப்பியை எழுதுகிறவள் நான். ஏதாவது டீக்கடை வாசலில் நின்றபடி போனிலேயே அடித்துப் போட்டுவிடுவேன். ஒருமுறை அவசரத்தில் தளி என்பதற்கு அஞ்செட்டி என்று எழுதிவிட்டேன். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் சம்பவம் அஞ்செட்டியில் நடந்திருந்தது. தளியிலேயே குடியிருக்கிற நிருபரும் அதை அப்படியேதான் அனுப்பியிருந்தார்.

போன வருஷம் ராகிக் கதிர் முற்றுகிற சமயத்தில் ஜவளகிரிப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கியது. வருஷா வருஷம் வருவதுதான். சங்கத்தின் இணைச் செயலாளருடைய ஏழு பேர் உட்காரும் வண்டியில் கிளம்பினோம், உறவினர் பையன் ஒருவன் ஓட்டினான். முன் சீட்டு மேடத்துக்கு என்று என்னை முன்னால் ஏற்றினார்கள். இந்த மரியாதைக்கெல்லாம் குறைச்சல் இருக்காது. சூளகிரிப் பெண் ட்ரைபாடை மடியில் வைத்துக்கொண்டு நடு வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் இணைச் செயலாளர்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நரைத்த தலை, நெற்றியில் விபூதி, என்னைவிட சீனியர். சங்கத்துக்கு எத்தனை வாட்ஸ்அப் குழு உண்டோ அத்தனைக்கும் இவர்தான் அட்மின், ஏனென்றால் பழைய ஆட்களில் போன் செட்டிங்ஸ் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். தலைவர் தன் போட்டோவை மாற்றுவதற்குக்கூட இவரிடம்தான் போனை நீட்டுவார்.

தளியைத் தாண்டியதும் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "சார், கைய எடுங்க."

திரும்பினேன். அவருடைய கை அவள் தொடைமேல் இருந்தது. அவர் ஜன்னல் வழியாக வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல இருந்த அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றி எரிகிறது.

"வண்டிய நிறுத்துப்பா" என்றேன். இறங்கி, அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரோடு மேடும் பள்ளமுமா இருக்குதுங்க மேடம்" என்றார். "வண்டி குலுங்குது. பிடிச்சுக்க ஒண்ணுமில்ல."

"உங்க முட்டி இருக்குதில்லைங்க சார். அதப் பிடிச்சுக்கங்க."

கொஞ்ச தூரம் போனதும் ஒருவர் யானைக்குக் கரும்பு பிடிக்குமா ராகி பிடிக்குமா என்று ஆரம்பித்தார். எல்லோரும் நிம்மதியாக அதில் கலந்துகொண்டார்கள். ஜவளகிரியில் அவள் மிதிபட்ட வயலில் நின்று, விவசாயிகளிடம் தமிழிலும் தெலுங்கிலும் கேள்வி கேட்டு, எந்தப் பிசிறும் இல்லாமல் பேசி முடித்தாள். நான் காப்பிக்குக் குறிப்பு எடுத்தேன். திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் வந்தோம்.

அன்று சாயங்காலமே நிருபர்கள் குழுவில் இணைச் செயலாளர் ஒரு செய்தி போட்டார். 'சில புதியவர்களுக்கு டீம் ஒர்க் என்றால் என்னவென்று தெரியவில்லை. மனவருத்தம்.' கீழே கும்பிடும் கை. அதற்கடியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். அவள் பதில் போட்டாள்: 'வண்டியில் என் தொடைமேல் கை வைத்தீர்கள். எடுக்கச் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான்.' நான் அதன் கீழே 'நான் பார்த்தேன்' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தனிப்பட்ட விஷயங்களைப் பேச இது இடமில்லை என்று தலைவர் விளக்கம் போட்டார். என்னை நீக்கவில்லை. ஏன் என்பதற்கு அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'நான் பார்த்தேன்' என்று நான் எழுதியதற்கு நேர் கீழே உதிரிபாகக் கடைக்காரர் எழுதியிருந்தார்: 'மேடம், யானை காப்பி கொஞ்சம் சீக்கிரம்.'

போனைச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது. ஆனால் காப்பியைப் போட்டேன், என் பத்திரிகைக்கும் அதுதானே போக வேண்டும்.

அந்தக் குழுவில் இல்லையென்றால் எங்கள் தொழிலில் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. கலெக்டர் எங்கே ஆய்வுக்குப் போகிறார், சிப்காட்டில் எந்தக் கம்பெனி வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நெடுஞ்சாலையில் எங்கே லாரி கவிழ்ந்தது, எல்லாம் அதில்தான் வரும். நான் தெரிந்ததையெல்லாம் அவளுக்குத் தனியாக அனுப்பினேன். ஆனால் நான் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது வந்தது, இறங்கிப் பார்த்து அனுப்புவதற்குள் பழையதாகிவிடும். அவளுடைய சேனல் முதலாளியும் சங்கத்தில் உறுப்பினர்தான். "நியூஸ் லேட்டாவே வருதேம்மா. பேசாம கம்பெனி வேலைக்குப் போயிரு, உனக்கும் நிம்மதி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். வீட்டில் அண்ணன் ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள், பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது.

போலீசுக்குப் போகலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"ஸ்டேஷனுக்குப் போனா மொதல்ல வீட்டுக்குத்தான் அக்கா போன் வரும். அண்ணன் அடுத்த வாரமே என்னக் கொண்டுபோய் கம்பெனி லைன்ல நிக்க வெச்சிருவான்." பிறகு சொன்னாள்: "லைன் வேலை ஒண்ணும் கேவலமில்லக்கா. எங்க அத்தை பொண்ணுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. ஆனா இது என் வேலை."

இணைச் செயலாளரை நீக்க வேண்டும், அவளைக் குழுவில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொடுத்தோம். படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பொதுக்குழுவுல வெச்சுப் பேசிரலாங்க மேடம். அவசரப்பட்டா சங்கத்துக்குத்தான் கெட்ட பேரு."

வெளியே வந்ததும் பாகலூர்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மாடோது அக்கா" என்றார். என்ன செய்வது என்று கன்னடத்தில் அவர் அலுத்துக்கொள்வது அப்படித்தான். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பொதுக்குழு ராயக்கோட்டை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் சந்தனம், கற்கண்டு, பின்பக்கம் பிரியாணி வாசனை. கூட்டம் தொடங்கியதும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாவட்டத்தின் மூத்த பெண் நிருபர் என்று சொல்லி, கழுத்தைச் சுற்றி ஒரு சால்வையைப் போர்த்தினார் தலைவர். அந்த வெக்கையில் கம்பளிச் சால்வை. கை தட்டினார்கள். எங்கள் சங்கத்தில் யாருக்காவது திடீரென்று சால்வை வருகிறதென்றால், அவர்களிடமிருந்து எதையோ பிடுங்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

தலைவர் தீர்மானத்தை வாசித்தார். பெண் செய்தியாளர்களின் பாதுகாப்பையும் கண்ணியத்தையும் கருதி, அவர்களுக்கென மகளிர் செய்தியாளர் குழு என்ற பெயரில் தனி வாட்ஸ்அப் குழு அமைக்கப்படுகிறது. பொதுவான குழுவில் வரும் செய்திகள் அவ்வப்போது அதில் பகிரப்படும். இனிப் பெண்கள் அந்தக் குழுவிலேயே இருப்பார்கள். குழுவை வழக்கம்போல் இணைச் செயலாளர் நிர்வகிப்பார்.

கைதட்டல். மண்டபம் முழுக்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் எதுவும் உறுத்தவில்லை. அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். குழு என்றால் அட்மின் அவர், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். யார்மேல் புகாரோ அவரையே எங்களுக்குக் காவல் வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சூளகிரிப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

நான் மைக்கை வாங்கினேன். "பாகலூர் மேடம் தனிச் சங்கம் வேணும்னு கேட்டப்போ கிண்டல் பண்ணீங்க. ஒரே குடும்பம்னீங்க. இப்ப நீங்களே பிரிச்சு வைக்கறீங்க. அதுக்குப் பேரு பாதுகாப்பா? இவ புகார் குடுத்தது யார் மேல? அவரையேவா அட்மினா போடறது?"

"அட்மின்னா சும்மாங்க மேடம்" என்றார் தலைவர். "செட்டிங்ஸ் அவருக்குத்தான தெரியும்."

இணைச் செயலாளர் முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ, "மேடம், சாப்பாடு ஆறுது" என்றார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. நான் சால்வையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். மூன்று பேரும் சாப்பிடாமல் வெளியே வந்து எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஆவதற்குள் இணைச் செயலாளர் தீர்மானத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிவிட்டார். நிருபர்கள் குழுவிலிருந்து பாகலூர்க்காரரை நீக்கினார், என்னையும் நீக்கினார். மூன்று பேரையும் மகளிர் குழுவில் சேர்த்து, 'வணக்கம் சகோதரிகளே' என்று ஒரு ரோஜாப் பூவும் போட்டார். நாங்கள் மூன்று பேரும் உடனே அதிலிருந்து வெளியேறினோம். பாகலூர்க்காரர் புதிதாக ஒரு குழுவை உருவாக்கினார். பெயரில் மகளிர் வேண்டாம் என்றேன். 'செய்தி' என்று மட்டும் வைத்தோம்.

மறுநாளே சூளகிரிக்குப் பக்கத்தில் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். எல்லா நிருபர்களும் வந்தார்கள். ஆண்கள் போட்டோ எடுத்துவிட்டு, தாசில்தார் பேசியதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நாங்கள் பெண்களோடு தார்ச்சாலையில் உட்கார்ந்தோம். ஒரு அம்மாவின் தக்காளித் தோட்டத்துக்கு அளவுக்கல் நட வந்தவர்கள், நிலம் அவர் பெயரில் இருந்தும் அவரிடம் பேசாமல் புருஷனைத் தேடிப் போயிருக்கிறார்கள். புருஷன் செத்து வருஷக்கணக்காகிறது. அவர் இதைத் தெலுங்கில் சொல்ல, சூளகிரிப் பெண் கேமராவில் பிடித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள்.

நான் வழக்கம்போல டீக்கடை வாசலில் நின்று காப்பி அடித்தேன். தூரத்திலிருந்து உதிரிபாகக் கடைக்காரர் என்னைப் பார்த்து, நிம்மதியாகக் கையசைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார். என்னைக் குழுவிலிருந்து நீக்கியது அவர்கள் யாருக்கும் நினைவில் இல்லை. கல்யாண மண்டபத்தில் கை தட்டினார்கள், மறந்துவிட்டார்கள்.

மாலையில் போன்கள் வர ஆரம்பித்தன. முதலில் பத்திரம் எழுதுகிறவர், பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்ட். எடுக்கவில்லை. கடைசியில் தலைவர்.

"மேடம், காப்பி வரலீங்களே. ஆபீஸ்ல கேக்கறாங்க."

"போட்டாச்சுங்க சார்."

"எதுல?"

"எங்க குரூப்புல. தனியாப் போங்கன்னு தீர்மானம் போட்டீங்களே."

மெதுவாகச் சொன்னார். "அது பொம்பளைங்க பாதுகாப்புக்குங்க மேடம். காப்பிக்கு இல்லீங்க."

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு வெள்ளையாக ஒருவர் இதைச் சொல்லும்போது என்ன கத்துவது? "அந்தப் பொண்ணத் திரும்பச் சேருங்க. அவர வெளிய அனுப்புங்க. காப்பி வரும்" என்றேன்.

"சேத்தர்றேங்க. இப்பவே சேத்தர்றேன். அவர் விஷயம் பொறுமையாப் பேசலாம். சீனியருங்க."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் சூளகிரிப் பெண் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்து வைத்திருந்த மனுஷன், ஒரு நாள் காப்பி வரவில்லை என்றதும் போனைக் கையில் எடுத்துவிட்டார். அந்த ஆத்திரத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. எப்படியோ அவள் உள்ளே வந்துவிட்டால் வேலை தங்கும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை. எனக்கு முதலில் போன் சிணுங்கியது, அடுத்து அவளுக்கு. பழைய குழுவில் சேர்க்கப்பட்டிருந்தோம்.

அவள் திரையைப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். சேர்த்தது யார் என்று அதில் பெயர் வந்திருந்தது. தலைவருக்குச் செட்டிங்ஸ் தெரியாதல்லவா.

"இவரு சேத்துதான் நான் உள்ள வரணுமாக்கா?"

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளியேறு என்பதை அழுத்திவிட்டு, போனைத் திருப்பி வீடியோவுக்கு வந்தாள். தக்காளித் தோட்டத்து அம்மா மறுபடி பேச ஆரம்பித்தார். நானும் வெளியேறினேன். வீட்டிலிருந்தே பாகலூர்க்காரரும் வெளியேறியதாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் மற்றப் பத்திரிகைகளில் ஒரு போட்டோவும், சாலை மறியலால் போக்குவரத்து பாதிப்பு என்று இரண்டு வரியும் வந்தன. முழுச் செய்தி என் பத்திரிகையிலும் கன்னடப் பத்திரிகையிலும் அவள் சேனலிலும் மட்டும் வந்தது. சேனல் முதலாளி இப்போது கம்பெனி வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அவளுக்குச் செய்தி நாங்கள் இரண்டு பேர் சொன்னால்தான், எங்களுக்கும் அவள் சொன்னால்தான். சில நாள் தவறவிடுகிறோம், ஆபீசில் திட்டு வாங்குகிறோம்.

கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் எங்கள் மூன்று பேரைப் பார்த்துவிட்டு, ஏன் தனியாக நிற்கிறார்கள் என்று தலைவரிடம் கேட்டார். தலைவர் வருத்தத்தோடு சொன்னார்: "ஒரே குடும்பமாத்தாங்க சார் இருந்தோம். பொம்பளைங்க, பிரிஞ்சு போயிட்டாங்க." பக்கத்தில் இணைச் செயலாளர் நின்று, அந்த அதிகாரியின் எண்ணைக் குழுவில் சேர்த்துக்கொண்டிருந்தார்.